சலவைக்குப் போன மூளை

கோபத்தில் வாய்தவறி வருகிற வசவுகளை இரண்டு பக்கத்தாரும் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள். படித்தவர்கள் பேசுகிற மரியாதையான வார்த்தை இருக்கிறதே, அதுதான் ஆறாமல் நின்றுவிடுகிறது. அப்படி ஒன்றை நான் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகப் போகிறது.

என் அக்கா கும்பகோணத்தில் இருக்கிறாள். அவளுக்கு ஒரே பெண், வயது 26, நல்ல பாங்கு உத்தியோகம். ஒரு நாள் அவள் உத்தியோகத்தை ராஜினாமாச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். கொல்லிமலையில் ஓர் அம்மாள் நடத்துகிற சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் போகிறேன் என்றாள். சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இப்போதைக்குக் கல்யாணமும் வேண்டாம் என்றாள். அக்கா சாப்பாட்டை நிறுத்தினாள். அத்தான் எனக்கு டெலிபோன் செய்தார். "நீ கதை எழுதறவன். நாலு வார்த்தை நீ எடுத்துச் சொன்னா கேட்பா" என்றார்.

போனேன். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட்டதும் அவள் அமைதியாகத்தான் ஆரம்பித்தாள். "மாமா, போன ஆடி மாசம் நான் முதல் தடவை அங்கே போயிருந்தப்போ, ஒரு சின்னப் பையன்..." என்றாள். அந்தப் பையன் என்ன செய்தான் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. நான் குறுக்கே விழுந்தேன். "இதெல்லாம் நீயாப் பேசலைம்மா. அந்த அம்மா உன்னை நல்லா மூளைச் சலவை பண்ணியிருக்காங்க" என்றேன்.

அவள் என்னையே ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி மாமா" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. நாலாம் நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்காவுக்கு மட்டும் அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வியாதி இன்னதென்று பெயர் தெரிந்த நோயாளியைப் போல அவளுக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து போனவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். நான் ஊருக்குத் திரும்பினேன். பஸ்ஸில் வரும்போதுதான், இந்த வார்த்தையை நான் எங்கே பிடித்தேன், இதற்கு என்ன அர்த்தம் என்று யோசனை வந்தது. உண்மையைச் சொன்னால் அர்த்தம் எனக்குத் தெரியாது. அன்று முதல் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்தப் படிப்பில் விளைந்தது.

மூளை என்ற சொல் நமக்குப் பழசு. தலைக்குள் இருப்பதற்கும் எலும்புக்குள் இருப்பதற்கும் சேர்த்தே நம்மவர்கள் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். ஆனால் நினைக்கிற உத்தியோகத்தை அதற்குக் கொடுக்க அவர்களுக்கு ரொம்ப நாள் மனசு வரவில்லை. நினைப்பது மனசு, நெஞ்சு, உள்ளம். 'நெஞ்சைத் தொட்டுச் சொல்' என்கிறோமே தவிர, 'மண்டையைத் தொட்டுச் சொல்' என்று யாரும் கேட்பதில்லை. மூளைக்கு நாம் கொடுத்த வேலையெல்லாம் கணக்குப் போடுவதுதான். 'மூளை இருக்கிறதா?' என்று வாத்தியார் திட்டுவார். 'மூளையைக் கசக்கு' என்பார். அதிகமாகக் கசக்கினால் மூளை குழம்பிவிடும். மற்றபடி அது மிளகு போட்டு வறுக்கிற சமாசாரம்.

ஆகவே நம் வீட்டுப் பிள்ளை திடீரென்று நமக்குப் பிடிக்காத காரியத்தைச் செய்ய ஆரம்பித்தால், யாரோ அவன் மனசைக் கலைத்துவிட்டதாகச் சொன்னோம். சொக்குப்பொடி போட்டுவிட்டாள் என்றோம். மருந்து வைத்துவிட்டார்கள் என்றோம். புது மாட்டுப்பெண் வந்த வீட்டில் தலையணை மந்திரம் என்றோம். வைத்த மருந்தை வாந்தியாக எடுத்துக் காட்டுகிற ஆசாமிகளும் ஊருக்கு ஊர் இருந்தார்கள். இந்தப் பேச்சுக்களில் பிள்ளைமேல் ஒரு குற்றமும் இருக்காது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தனிக்குடித்தனம் போக வேண்டும் என்று அவனாகவே நினைத்திருக்கலாம். அந்தச் சந்தேகத்தைத் தாயார் தன் மனசுக்குள் விடுவதே இல்லை. சொக்குப்பொடி அவளுக்கு எவ்வளவு சௌகரியம்!

இன்று சொக்குப்பொடி என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்த நாற்காலியில் இப்போது மூளைச் சலவை உட்கார்ந்திருக்கிறது. ஏதோ ஸயன்ஸ் போலத் தொனிக்கிறது. ஆஸ்பத்திரி வாடை கூட அடிக்கிறது. ஆனால் அதன் பூர்வோத்தரத்தைப் பார்த்தால், அது ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை. பத்திரிகை ஆபீஸில் பிறந்தது.

1950-ம் வருஷம் செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் 'மயாமி நியூஸ்' பத்திரிகையில் எட்வர்ட் ஹண்டர் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். ஹண்டர் பத்திரிகைக்காரர், இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்க உளவு ஸ்தாபனத்தின் பிரசாரப் பிரிவில் வேலை பார்த்தவர். சீனாவில் மாவோவின் கட்சி ஆட்சியைப் பிடித்து அப்போது ஒரு வருஷம் கூட ஆகவில்லை. அங்கே ஜனங்களின் மூளையைக் கழுவுகிறார்கள் என்பது கட்டுரையின் சாரம். அடுத்த வருஷம் அதையே புத்தகமாகப் போட்டார். 'பிரெயின்வாஷிங்' என்ற ஆங்கில வார்த்தை அப்படித்தான் ஊரெல்லாம் பரவிற்று. நம் மூளைச் சலவை அதற்குத் தமிழ் வேஷம்.

வார்த்தையைத் தாமே உண்டாக்கவில்லை, சீனர்கள் பேசிக்கொள்வதைத்தான் மொழிபெயர்த்தேன் என்றார் ஹண்டர். 'ஷி நாவ்' என்பார்களாம். ஷி என்றால் கழுவுவது. நாவ் என்றால் மூளை. சீன பாஷையில் இதற்கு மூத்த அண்ணன் ஒருவன் உண்டு. 'ஷி ஷின்', அதாவது நெஞ்சைக் கழுவுதல். ஞானிகள் தங்கள் நெஞ்சைக் கழுவிக்கொள்வதைப் பற்றி 'ஈ சிங்' என்னும் பழைய நூலோடு சேர்ந்த உரைப்பகுதியிலேயே பேச்சு வருகிறது. நம்மைப் போலவே அவர்களுக்கும் நினைப்பு குடியிருந்த இடம் நெஞ்சுதான். தன் நெஞ்சைத் தானே கழுவிக்கொண்டால் அது தபஸ். தன் மூளையைப் பிறர் கழுவினால் அது கேலி. ஜனங்கள் கேலியாகத்தான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. சர்க்கார் வைத்திருந்த பெயர் வேறு: 'சிந்தனைச் சீர்திருத்தம்.'

அந்தச் சீர்திருத்தம் விளையாட்டுக் காரியமல்ல. 1951, 52-ல் பல்கலைக்கழகப் பேராசிரியர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாக உட்கார வைத்துத் தங்கள் ஜீவிய சரித்திரத்தை எழுதச் சொன்னார்கள். எழுதியதை எல்லோரும் சேர்ந்து குதறுவார்கள், மறுபடி எழுத வேண்டும், மறுபடி குதறல். நிலச்சுவான்தார் வீட்டில் பிறந்தவன் பெற்ற தகப்பனாரையே சபையில் நின்று நிந்திக்க வேண்டும். இதில் உடைந்து போனவர்கள் உண்டு. உயிரை விட்டவர்களும் உண்டு. இதற்கு வெள்ளையடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இதில் மாயம் எங்கே இருக்கிறது? பயம், அவமானம், தூக்கமில்லாமை, நாலு பேருக்கு நடுவில் தனியாக நிற்பது, இவை எல்லா ஊரிலும் உள்ள சரக்குகள்தான். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கும் இவற்றைப் பிரயோகிக்கத் தெரியும்.

மாயம் என்ற நினைப்பு ஊன்றியது கொரியாவில். 1950 ஜூனில் ஆரம்பித்த அந்த யுத்தத்தில் 7,000-க்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் எதிரியிடம் கைதியானார்கள். சுமார் 2,700 பேர் காவலிலேயே செத்தார்கள். பெரும்பாலோர் முதல் குளிர்காலத்துப் பட்டினியிலும் வியாதியிலும். மிஞ்சியவர்களில் சிலர் ரேடியோவில் சீனர்களுக்குச் சாதகமாகப் பேசினார்கள். விமானப் படைக்காரர்கள் சிலர், கிருமிக் குண்டு போட்டோம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். 1953 ஜூலையில் சண்டை நின்று கைதிகள் வீடு திரும்பும் சமயம் வந்தபோது, 23 அமெரிக்கர்கள் வீட்டுக்கு வரமாட்டோம் என்றார்கள். கூடவே ஒரு பிரிட்டிஷ்காரனும்.

இந்த இடத்தில் கதை நம் பக்கம் திரும்புகிறது. ஊர் திரும்ப மறுத்த கைதிகளை எந்தப் பக்கமும் நம்பிப் பிறத்தியாரிடம் விட முடியாமல், கடைசியில் இந்திய ராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். ஜெனரல் திம்மய்யா நடுநிலை நாடுகள் கமிஷனுக்குத் தலைவர். மேஜர் ஜெனரல் தோரட் காவல் படைக்குத் தளபதி. படை சென்னைத் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறிற்று. இரண்டு கொரியாக்களுக்கும் நடுவே இருந்த சூனியப் பிரதேசத்தில் கூடாரம் போட்டு, அதற்கு 'ஹிந்த் நகர்' என்று பெயர் வைத்தார்கள்.

அங்கே நடந்ததை நினைத்தால் எனக்கு அக்கா வீட்டுக் கூடம்தான் ஞாபகம் வருகிறது. கைதியை ஒரு கூடாரத்துக்குள் அழைத்து வருவார்கள். அவன் நாட்டு அதிகாரி எதிரில் உட்கார்ந்து, 'தம்பி, ஊருக்கு வந்துவிடு' என்று எடுத்துச் சொல்வார். நடுநிலையாளர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூடாரத்துக்கு இரண்டு வாசல். ஒன்றின் வழியாகப் போனால் ஊர். இன்னொன்றின் வழியாகப் போனால் திரும்பவும் முகாம். சிலர் உட்காரவே மறுத்தார்கள், கூச்சல் போட்டார்கள், நாற்காலியைத் தூக்கி எறிந்தார்கள். நம் ஜவான்கள் நடுவில் புகுந்து பிடிக்க வேண்டியிருந்தது.

இப்படி நாற்காலி எறிந்தவர்கள் அமெரிக்கர்கள் அல்ல. எதிர்ப்பக்கத்தில் சீனாவுக்கும் வடகொரியாவுக்கும் திரும்ப மறுத்தவர்கள் 22,000-க்கு மேல்; அதில் சீனர்கள் மட்டும் 14,000-க்கு மேல். அமெரிக்கா பராமரித்த முகாம்களில் இவர்களிலும் பலரை அடித்து மிரட்டியிருக்கிறார்கள். உடம்பில் கம்யூனிஸ்டு எதிர்ப்பு வாசகங்களைப் பச்சை குத்தியிருக்கிறார்கள். மனப்பூர்வமாக மறுத்தவர்களும் ஏராளமாக இருந்தார்கள். எத்தனை பேர் எப்படி என்று யார் பிரித்துச் சொல்வது? அமெரிக்கப் பத்திரிகைகள் பிரிக்கவே இல்லை. இந்த ஆயிரக்கணக்கான பேரும் சுதந்திரத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள். அந்த 23 பேர் மட்டும் மூளை கழுவப்பட்டவர்கள். பீக்கிங்கில் இதையே திருப்பிப் போட்டுச் சொன்னார்கள். அந்தச் சீனர்களுக்காகத் தைவானில் ஜனவரி 23-ஐச் சுதந்திர தினமாகக் கொண்டாடினார்கள்.

மின்னஸோட்டா மாநிலத்திலிருந்து ஒரு தாயார் தன் மகனை நேரில் பார்த்துப் பேசி அழைத்துவரப் புறப்பட்டாள். டோக்கியோ வரையில் பறந்து வந்துவிட்டாள். அதற்கு மேல் ராணுவம் விடவில்லை. வரமாட்டேன் என்று மகனிடமிருந்து கடிதம்தான் வந்தது. அந்த அம்மாள் திரும்பிப் போகும்போது மூளைச் சலவை என்ற வார்த்தை ஒன்றுதான் அவள் கையில் இருந்திருக்கும். அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த 23 பேரில் இருவர் மனம் மாறித் திரும்பி வந்தார்கள். வந்தவர்களை என்ன செய்தார்கள் தெரியுமா? எதிரிக்கு ஒத்தாசை செய்ததாக ராணுவக் கோர்ட்டில் நிறுத்தி ஜெயிலில் போட்டார்கள். மூளையைக் கழுவிவிட்டார்கள் என்றால் இவர்கள்மேல் குற்றம் ஏது? குற்றம் உண்டு என்றால் மூளை அவர்களுடையதுதானே? சர்க்காருக்கு இரண்டு நியாயமும் வேண்டியிருந்தது. மீதி 21 பேரை ராணுவத்திலிருந்து மானபங்கமாக விலக்கினார்கள். அதில் ஒரு வேடிக்கை. ராணுவத்திலிருந்து விலக்கப்பட்டவனை ராணுவக் கோர்ட்டில் விசாரிக்க முடியாது என்று 1955-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே பிடிவாதமாக இருந்துவிட்டுப் பிற்பாடு ஊர் திரும்பியவர்கள் வெளியில் நடமாடினார்கள்; உடனே மனம் திருந்தி வந்தவர்கள் ஜெயிலில் இருந்தார்கள்.

21 பேரில் மூவர் நீக்ரோக்கள் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பர்கள். அவர்களில் ஒருவர் கிளாரன்ஸ் ஆடம்ஸ். டென்னஸி மாநிலத்து மெம்பிஸ் நகரக்காரர். வெள்ளைக்காரத் துருப்புகள் பின்வாங்குவதற்காகக் கறுப்பர்களின் பீரங்கிப் படையைப் பலிகொடுத்துவிட்டார்கள் என்பது அவருடைய எண்ணம். பனியில் அழுகிய கால்விரல்களைக் காவலில் தாமே வெட்டி எடுத்தவர். சீனாவுக்குப் போய் அங்கே கல்லூரியில் படித்தார். சீனப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பீக்கிங்கில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தார். 1966-ல் மனைவி, இரண்டு குழந்தைகளோடு மெம்பிஸுக்குத் திரும்பி, பிற்பாடு சீனச் சாப்பாட்டுக் கடை வைத்து நடத்தினார். 1999-ல் இறந்தார். அவருடைய சுயசரிதம் 2007-ல்தான் வெளியாயிற்று.

ஏன் போனீர்கள் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் சிக்கலில்லாதது. மெம்பிஸில் தனி வாசல், தனிக் குழாய், போலீஸ்காரனைக் கண்டால் ஓட்டம். படிப்பும் கௌரவமும் வேறெங்கே கிடைக்குமோ அங்கே போனேன் என்றார். சீனர்கள் கழுவினார்களா என்று கேட்டால், கழுவியது எல்லாம் வெகு காலத்துக்கு முன்பே எங்கள் ஊரில் நடந்துவிட்டது, சீனர்கள் அதைக் கலைத்தார்கள் என்ற பொருளில் பதில் சொல்லியிருக்கிறார். இவர் சீனாவைப் பற்றி நினைத்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. பஞ்சத்திலும் கலாசாரப் புரட்சியின் ஆரம்பத்திலும் அவர் அங்கே இருந்தவர். கடைசியில் அங்கிருந்தும் கிளம்பத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அவர் தம் பிழையைத் தாமே செய்தார். அந்தப் பிழைக்கு மெம்பிஸ் நகரத்தில் காரணம் இருந்தது. வார்த்தை ஒன்று குறுக்கே நின்றதால் மெம்பிஸை யாரும் விசாரிக்கவில்லை.

இரண்டு பக்கமும் வேண்டாம் என்ற கைதிகளும் இருந்தார்கள், 88 பேர். கொரியர்களும் சீனர்களுமாக அவர்கள் 1954 பிப்ரவரியில் நம் படையோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பிறகு பலர் தென்னமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். சோய் இன்-ஹுன் என்ற கொரிய நாவலாசிரியர் 1960-ல் 'சதுக்கம்' என்ற பெயரில் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். அதில் இப்படி ஒரு கைதி 'தாகூர்' என்ற கப்பலில் இந்தியாவுக்கு வருகிறான். வரும் வழியில் கடலோடு போய்விடுகிறான். கொரியாவில் அது பெயர்பெற்ற நாவல். அதே யுத்தத்துக் கைதிகளை வைத்து அமெரிக்கர் ரிச்சர்ட் காண்டன் 1959-ல் எழுதிய 'மஞ்சூரியன் காண்டிடேட்' உலகம் பூராவும் விற்றது. 1962-ல் சினிமாவாகவும் வந்தது. அதில் சிப்பாய்க்குச் சீட்டுக்கட்டில் டயமண்டு ராணியைக் காட்டினால் போதும். சொன்னவனைச் சுட்டுக் கொன்றுவிட்டு வருவான். கொன்றது கூட அவனுக்கு ஞாபகம் இருக்காது. என் தொழிற்காரர்களைப் பற்றி நானே சொல்லக் கூடாது. மூளைச் சலவையை ஜனங்கள் நம்பியதில் டாக்டர்களை விடக் கதாசிரியர்களுக்குப் பங்கு ஜாஸ்தி.

டாக்டர்கள் அப்போதே வேறு மாதிரி சொல்லியிருந்தார்கள். ஹரால்ட் உல்ஃப், லாரன்ஸ் ஹிங்கிள் என்ற இருவர் சி.ஐ.ஏ.வுக்காகவே இதை ஆராய்ந்து 1956-ல் முடிவை வெளியிட்டார்கள். புது ஸயன்ஸ் எதுவும் கிடையாது. பழைய போலீஸ் முறைகள்தாம் என்பது முடிவு. தனிமை, தூங்க விடாமை, நிற்க வைத்தல், பட்டினி, நடுநடுவே ஒரு சிகரெட். அடுத்த வருஷம் ஆல்பர்ட் பிடர்மன் என்ற சமூகவியல் நிபுணர் விமானப் படைக் கைதிகளை விசாரித்து இவற்றை ஓர் அட்டவணையாகவே போட்டார். இவற்றால் கிடைப்பது பொய் வாக்குமூலம் என்று சொல்வதற்காகப் போட்ட அட்டவணை அது. ராபர்ட் ஜே லிப்டன் என்ற மனோதத்துவ டாக்டர் ஹாங்காங்கில் சீனாவிலிருந்து வந்தவர்களை மாதக்கணக்கில் விசாரித்து 1961-ல் எழுதிய பெரிய புத்தகத்துக்கு, 'சிந்தனைச் சீர்திருத்தம்' என்றுதான் தலைப்பு வைத்தார்.

யார் கேட்டார்கள்? 1953 ஏப்ரல் 10-ம் தேதி சி.ஐ.ஏ. தலைவர் ஆலன் டல்லஸ் ஒரு கூட்டத்தில் பிரசங்கம் செய்தார். எதிரி மனித மூளையைக் கிராமபோன் ஆக்கிவிடுகிறான், வெளியாள் வைத்த தட்டைத்தான் அது பாடுகிறது என்று சொல்லிப் பயமுறுத்தினார். மூன்றாம் நாள், அந்த வித்தையைத் தாங்களும் கற்றுக்கொள்வதற்கான ரகசியத் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தார். எம்.கே. அல்ட்ரா என்று அதற்குப் பெயர். இல்லாத ஒன்றைத் தேடி இருபது வருஷம் பணமும் மனிதர்களும் பாழானார்கள்.

கனடாவில் மாண்ட்ரீல் நகரத்தில் ஆலன் மெமோரியல் இன்ஸ்டிட்யூட் என்ற மனநோய் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் யூவன் காமரன் என்பவர் தலைவராக இருந்தார். சாதாரண மனுஷர் அல்ல. உலக மனநோய் மருத்துவர் சங்கத்துக்கு முதல் தலைவர். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு, படபடப்பு என்று வந்தவர்களை அவர் மருந்து கொடுத்து வாரக்கணக்கில் தூங்க வைத்தார். அடுக்கடுக்காக மின்சார அதிர்ச்சி கொடுத்தார். பழைய மனசை அழித்துவிட வேண்டும். பிறகு ஒரே வாசகத்தை டேப் ரிக்கார்டரில் ஆயிரக்கணக்கான தடவை காதில் ஓதிப் புது மனசை எழுத வேண்டும் என்பது சித்தாந்தம். 1957-லிருந்து மூன்று வருஷம் இதற்குச் சி.ஐ.ஏ. பணம் கொடுத்தது. எந்தச் சங்கத்தின் மூலம் கொடுத்தது தெரியுமா? 'பழைய போலீஸ் முறைகள்தாம்' என்று முடிவு சொன்ன அதே உல்ஃப் தலைமை வகித்த சங்கத்தின் மூலம்!

அழிக்கிற பாதி நன்றாக நடந்தது. பெற்ற குழந்தைகளை அடையாளம் தெரியாதவர்களாக, இயற்கை உபாதைக்குக்கூடச் சொல்லத் தெரியாதவர்களாகச் சிலர் வீடு திரும்பினார்கள். எழுதுகிற பாதி நடக்கவே இல்லை. கழுவின இடத்தில் வேறு மனசு முளைக்கவில்லை. வெறும் இடம்தான் இருந்தது. 1973-ல் திட்டத்தின் தஸ்தாவேஜுகளை எரிக்கச் சொன்னார்கள். தப்பிப் பிழைத்த கணக்குப் புத்தகங்கள் 1977-ல் அகப்பட்டன. 1988-ல் ஒன்பது பேருக்குச் சேர்த்து 7,50,000 டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். 1992-ல் கனடா சர்க்கார் 77 பேருக்குத் தலைக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தது. மூளைச் சலவை என்று பெயர் சொல்லத் தகுந்த காரியம் எங்கேயாவது நடந்திருந்தால் அது இங்கேதான் நடந்தது. வெறும் வார்த்தையை மெய்யென்று நம்பியவர்கள் செய்தது.

பிற்பாடு அந்த வார்த்தை வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. 1970-களில் அமெரிக்கப் பிள்ளைகள் புதுப்புது மதக் கூட்டங்களில் போய்ச் சேர்ந்தார்கள். பெற்றோர்கள் ஆள் வைத்து, வயது வந்த பிள்ளைகளைத் தெருவில் மடக்கிக் காரில் போட்டு, அறையில் பூட்டி, நாள்கணக்கில் தூங்கவிடாமல் பேசி அவர்களை 'மீட்டார்கள்.' மருந்து எடுக்கிற நம் ஆசாமிகளின் அமெரிக்கச் சித்தப்பாக்கள். அதில் பெயர்பெற்ற டெட் பாட்ரிக் ஆள் கடத்தல் வழக்கில் தண்டனை அடைந்தார். கழுவியதை எடுக்கக் கையாண்ட உபாயம், ஹிங்கிளும் உல்ஃபும் எழுதிய ஜாபிதாதான் என்பதை அந்தப் பெற்றோர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

இத்தனையிலும் தன்னைப் பற்றியே இந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டவர்கள் அபூர்வம். ஜார்ஜ் ராம்னி என்ற அமெரிக்க கவர்னர் 1967-ல், வியட்நாம் போயிருந்தபோது நம் ஜெனரல்கள் என்னை மூளைச் சலவை செய்துவிட்டார்கள் என்றார். யுத்தம் நன்றாக நடப்பதாக நம்ப வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பின்னால் பார்த்தால் அவர் சொன்னது நிஜம். ஆனால் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டவர் அடுத்த பிப்ரவரியில் விலக வேண்டியதாயிற்று. ராம்னிக்குச் சலவை எதற்கு, லேசாக அலசினாலே போதுமே என்று செனட்டர் மெக்கார்த்தி, யூஜின் மெக்கார்த்தி, கேலி செய்ததாக ஒரு கதை உண்டு.

அந்த அட்டவணையின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2002 டிசம்பரில் குவாண்டனாமோ சிறையில் விசாரணை அதிகாரிகளுக்கு ஒரு பாடம் நடத்தினார்கள். கைதிகளை வழிக்குக் கொண்டுவரும் முறைகள் என்று கரும்பலகைக்குப் பதிலாக ஓர் அட்டவணையைக் காட்டினார்கள். அது பிடர்மன் 1957-ல் போட்டதன் வரிக்கு வரி நகல் என்று 2008-ல் வெளியாயிற்று. தலைப்பை மட்டும் எடுத்திருந்தார்கள். மூலக் கட்டுரையின் தலைப்பில் பொய் வாக்குமூலம் என்ற சொல் இருந்தது.

இவ்வளவையும் படித்த பிறகு அக்கா வீட்டுக்கு ஒரு தடவை போயிருந்தேன். அக்கா இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "நீதானேடா சொன்னே" என்றாள். உலகத்தில் ஒருவருடைய பேச்சுக்கு இன்னொருவர் மயங்குவதே கிடையாதா என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. உண்டு. அடைத்து வைத்து, தூங்கவிடாமல், வெளியாரைப் பார்க்கவிடாமல் செய்கிற கூட்டங்கள் நம் நாட்டிலும் உண்டு. அதற்கு வைத்தியம், போய்ப் பார்ப்பதுதான். அடைத்து வைத்திருக்கிறார்களா, சாப்பாடு போடுகிறார்களா, வெளியே வரலாமா, கடிதம் போடலாமா என்று பார்த்துவிடலாம். "போய்ப் பார்த்தீங்களா அத்தான்?" என்று கேட்டேன். அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நானும் போய்ப் பார்க்கவில்லை.

அவள் அம்மாவோடு வாரம் ஒரு முறை டெலிபோனில் பேசுகிறாளாம். ஒவ்வொரு லீவுக்கும் வந்து போகிறாளாம். என்னைப் பற்றி விசாரிப்பதில்லை.

போன மாதம் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கொரியாவையும் மாண்ட்ரீலையும் பற்றியெல்லாம் நாலு பக்கம் எழுதிவிட்டு, கிழித்துப் போட்டேன். இரண்டாம் தடவை ஒரு கார்டு எடுத்து, அந்தச் சின்னப் பையன் அன்றைக்கு என்ன செய்தான் என்று மட்டும் கேட்டேன். விலாசம் சரிதானா என்று அக்காவிடம் இரண்டு தரம் கேட்டுக்கொண்டுதான் பெட்டியில் போட்டேன். மலைக்குத் தபால் போக நாளாகும் என்கிறார்கள்.